செவ்வாய் எனக்கு, சனி அவனுக்கு

நீதிபதி வீட்டை எனக்குக் கொடுத்தார்,
படகைக் கர்ட்டுக்கு.
காரைத்தான் வெட்ட முடியவில்லை.
ஓட வைத்து விற்றுப்
பாதிப்பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.
அவர் அதைப் பார்த்ததில்லை:
எழுபதாம் ஆண்டு பிளிமத் டஸ்டர்,
முந்நூற்று நாற்பது எஞ்சின், நாவல்பழ நிறம்,
பதினொரு வருடமாக என் கராஜில்
நான்கு மரக்கட்டைகள்மேல்.

நாளைப் பிரித்துக்கொண்டோம்.
செவ்வாய் மாலை எனக்கு, சனிக்கிழமை அவனுக்கு.
பக்கக் கதவின் சாவி
பெயின்ட் டப்பாவுக்கு அடியில்.

ஹிப்பிங்கில் நவம்பர் என்றால் ஐந்துக்கு முன்பே இருட்டு.
மண்ணெண்ணெய் ஹீட்டர்
ஒரு முழங்காலை மட்டும் சூடாக்கும்.
மல்லாந்து படுத்துத் தரைத்தகட்டில் விரல் வைத்தேன்,
நனைந்த அட்டையில் போவதுபோல் உள்ளே போயிற்று.
யாரைத் திட்டுவது?
பனிவாரி வண்டி ஓட்டுகிறவள் நான்.
குளிர்காலமெல்லாம் நான் தூவும் உப்புதான்
இந்த ஊர்க் கார்களின் அடிவயிற்றைத் தின்கிறது.

பேச்சு கிடையாது. மாஸ்கிங் டேப் உண்டு.
காப்பி டப்பாக்களில் போல்ட்டுகள்,
டப்பாவின்மேல் அவனுடைய கோணல் எழுத்து:
“ஃபெண்டர், இடது. ஒன்று குறைகிறது.”
அதன் கீழே நான்:
“குறையவில்லை. உன் கோட்டுப் பையில் பார்.”
அடுத்த செவ்வாய் ஒரே சொல்: “இருந்தது.”
பத்தொன்பது வருடக் கல்யாணத்தில்
அவன் எதையும் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

ஜனவரியில் பின்பக்கத் தகட்டைத் தேய்த்திருக்கிறான்.
பெயின்டுக்குக் கீழே பட்டி, இரண்டு விரல்கடை கனம்,
பட்டிக்குக் கீழே பெரிய நெளிவு.
அதன் நடுவில் டேப்:
“மான்?”

மான் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன்.
ரோட்டில் குறுக்கே பாய்ந்தது என்று
கையை விரித்துக் காட்டினேன் வேறு.
பேனாவை எடுத்து வெகுநேரம் நின்றிருந்தேன்.
“கேஸ் தொட்டி. ரிவர்ஸில். என் தப்பு.”

அடுத்த வாரம் வந்தபோது பதில் எதுவும் இல்லை.
நெளிவும் இல்லை.
உள்ளிருந்து தட்டித் தட்டி எடுத்திருந்தான்,
உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன்,
எங்கே இருந்ததென்று எனக்கே தெரியவில்லை.

பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங்.
ஒருவராகச் செய்யக்கூடியதெல்லாம் முடிந்துவிட்டது.

“பிரேக்குக்கு இரண்டு பேர் வேண்டும்.”
“தெரியும்.”
“ஞாயிறு?”

ஞாயிறு யாருடையதும் இல்லை.

இளைத்திருந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.
ஒன்றும் சொல்லாமல் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்,
நான் அடியில் போனேன்.
பின் வலது சக்கரம் முதலில், அதுதான் தூரம்.
திருகாணியில் மெல்லிய குழாய்,
குழாயின் மறுமுனை ஊறுகாய் ஜாடியில்.

“அழுத்து.” மூன்று தரம்.
“பிடி.”
தளர்த்தினேன்.
ஆயிலோடு காற்று குமிழ்குமிழாய் வந்தது.
தலைக்கு மேலே அவன் கால் தரைவரை இறங்குவது கேட்டது.
இறுக்கினேன்.
“விடு.”

நான் சொல்லும்வரை விடக் கூடாது.
ஒரு நொடி முந்திவிட்டாலும்
போன காற்று அத்தனையும் திரும்ப ஏறிவிடும்.
அவன் முந்தவில்லை.
ஒரு தடவைகூட.

நான்கு சக்கரம், ஒன்றேகால் மணி நேரம்,
மூன்றே சொற்கள்.
முன் இடது சக்கரத்தில் குமிழி நின்ற பிறகும்
இன்னும் இரண்டு தரம் “அழுத்து” என்றேன்.
பெடல் கல்லாகியிருக்கும், அவனுக்குத் தெரிந்திருக்கும்.
அழுத்தினான்.

ஏப்ரல் கடைசியில் ஃபார்கோவிலிருந்து ஒரு பல் டாக்டர்
பணத்தைக் கவரில் கொண்டுவந்தார்.
இரண்டு தரம் எண்ணினோம், ஆளுக்கொரு தரம்.
அவர் காரை எடுத்துக்கொண்டு போவதை
வாசலில், ஓர் ஆள் இடைவெளி விட்டு,
நின்று பார்த்தோம்.

தெருமுனையில் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன.
வண்டி நேராக நின்றது.

“ஒரு பக்கமும் இழுக்கவில்லை” என்றான் கர்ட்.

“இல்லை” என்றேன்.