நூற்று முப்பத்தொன்று

திங்கள் விடியலில் வரும் ஈயப் பெட்டி.
மும்பையிலிருந்து திருவனந்தபுரம்வரை விமானம்,
பிறகு களியக்காவிளை நெரிசல்.
அதற்குள்ளேயே கொஞ்சம் கரைந்திருக்கும்.
பசு வந்தாச்சு டாக்டர் என்பான் விபின்.
தடித்த கண்ணாடிக்கு இப்புறம் நின்று
சொட்டுச் சொட்டாய்க் கறப்போம்
நிறமும் மணமும் இல்லாத அந்தப் பாலை.

பதினோரு வருடம் நாகர்கோவிலில்
இருட்டறையில் உடம்புகளைப் படித்தேன்.
முகம் தெரியாது. புள்ளிகள்தான்.
முதுகெலும்பில் யாரோ அகல் ஏற்றியதுபோல் மின்னினால்
அன்று மதியம் சோறு இறங்காது.

குறும்பனை வின்சிலாஸுக்குத் தைராய்டில் புற்று.
மருந்து கொடுக்கும் முன்பே
அவர் செருப்பருகே கருவி கறகறத்தது.
உதறினால் கறுப்பு மணல்.
"எனக்க கடப்பொறம் முழுக்க இதுதான் டாக்டரே,
நீங்க தாற ஒத்தக் குளிகைக்கா
என்னைய அடைச்சுப் போடுதிய?"
இரண்டு நாள் தனியறை.
மூன்று தடவை தண்ணீர் ஊற்றணும்.
பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது.
சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.
எட்டு நாளில் பாதி,
இன்னோர் எட்டில் அதில் பாதி.
அயோடின் நூற்று முப்பத்தொன்று
சொன்ன சொல் தவறாமல் இறங்கும்.
அந்தக் கணக்கை நம்பியே இருந்தேன்.

அருமனையிலிருந்து ஜெபக்கனி வந்தாள்,
இதயத்தைப் படம் எடுக்க.
கேமராக் கட்டில் தாங்குவது நூற்றெண்பது கிலோ.
எங்கள் எடைக்கருவியோ நூற்றைம்பதில் நின்றுவிடும்.
யாருக்கு முதலில் தோன்றிற்றோ
(எனக்குத்தான். எழுதும்போதாவது ஒத்துக்கொள்கிறேன்)
ரப்பர் ஷீட் நிறுக்கும் கடைக்கு
ஆட்டோவில் அனுப்பினோம்.
நூற்று எண்பத்தாறு.
கடைக்காரர் பழக்கத்தில்
துண்டுச் சீட்டில் முத்திரையும் குத்தியிருந்தார்.

"ஆறு கிலோ கூடுதல்மா."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சீட்டை நாலாய் மடித்துப் பர்ஸில் வைத்தாள்.
ஊசியில் ஏற்றிய மருந்து
யாருக்கும் இல்லாமல் கரைந்துகொண்டிருந்தது.
வரும்போது கட்டணமில்லாப் பேருந்தில்
கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தானாம்,
பஸ் முழுக்கச் சிரிக்க.
விபினிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இல்லை.

மாலை ஈய அங்கியைக் கழற்றி
ஆணியில் மாட்டினேன். தோள் லேசானது.
என்ன நினைத்தேனோ, திரும்ப எடுத்து
தராசில் போட்டேன்.
ஆறு கிலோ. நூறு கிராம் சொச்சம்.
ஜெபக்கனி வீட்டில் அப்படி ஓர் ஆணி இல்லை.

நாற்பத்திரண்டில் மறுபடி மாணவியானேன்.
"அணுவ விட்டுட்டுக் கொழுப்பா?"
வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார், விருந்தாளிகள் முன்.
தக்கலையில் அறை எடுத்து
முதலில் செய்யச் சொன்னது
கையில்லாத அகல நாற்காலி, அயனி மரத்தில்.
ஆசாரி இரண்டு தடவை அளவு கேட்டார்.

கிழங்கை நிறுத்து என்று சொல்ல ஒரு நொடி போதும்.
மூன்று மணிக்கு எழுந்து ரப்பர் வெட்டி
பத்து மணிக்குப் பசியோடு வருபவளின் தட்டில்
பதிலுக்கு என்ன வைப்பது?
அந்தப் பாடம் எந்த வகுப்பிலும் நடத்தவில்லை.

இரண்டு கடிதம் போட்டேன். மூன்றாவதுக்கு வந்தாள்.
பழைய ரிப்போர்ட் உண்டா என்றதும்
ரப்பர் கடைச் சீட்டை நீட்டினாள்.
மடிப்பில் கிழிந்திருந்தது.
மன்னிப்பு என்ற சொல்லைத் தேடி
பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினேன்.

இரண்டரை வருடம் கழித்து ஒரு புதன்கிழமை
எண் வந்து நின்றது: நூற்று முப்பத்தொன்று.
"என்ன டாக்டர் சிரிக்கிய?"
"தெரிஞ்ச நம்பர்."

அடுத்த மாதம் நூற்று முப்பத்தாறு.
மகளுக்குப் பேறுகாலம், உறக்கமில்லை,
மிச்சச் சோறு வீணாகக் கூடாது.
உடம்புக்கு அட்டவணை கிடையாது.
அது ஏறவும் செய்யும்.

உட்காரு ஜெபக்கனி.
அயனி முனகவில்லை.
என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை,
ராத்திரி எத்தனை தடவை எழுந்தாய் என்றேன்.
சொல்லத் தொடங்கினாள்.
வெளியே பதினேழாம் டோக்கன்
சத்தமாக இருமினார்.