இதர வகை

ஜனவரி இருபத்திமூன்று, சத்துவாச்சாரி.
ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு
நாற்பத்தொரு பெயர்களுக்கு
ஒரே வாக்கியத்தை அச்சடித்துக்கொண்டிருந்தேன்:
தன்னலமற்ற சேவையைப் பாராட்டி.

முப்பத்தெட்டாவது படிவம்
சலவன்பேட்டை ரேணுகாம்பாள்.
தொழில்: இட்லிக் கடை, பெரிய ஆஸ்பத்திரி எதிர்ச் சந்து.
சேவையின் தன்மை என்ற கட்டத்தில்
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
நாலாவது ஆள்.

கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"இது என்னய்யா வகை?
விளையாட்டு இருக்கு, பேரிடர் இருக்கு,
ரத்ததானம் இருக்கு."

மால்டாவிலிருந்து, தன்பாத்திலிருந்து, அகர்தலாவிலிருந்து
ரெண்டு நாள் மூணு நாள் ரயிலில் வருகிறார்கள்.
ஒரு நோயாளி, கூட இரண்டு பேர்,
மிஞ்சினால் மூன்று.
பிழைத்துவிட்டால்
ஸ்கேன் படங்களைச் சுருட்டிக்கொண்டு
காட்பாடியில் ரயிலேறிவிடுகிறார்கள்.
இல்லாவிட்டால்
பாலாற்றங்கரைக்குத் தூக்க
ஒரு தோள் குறைகிறது.

அப்போது அவள் மாவுப் பாத்திரத்தை மூடிவிட்டு வருகிறாள்.
பொம்பள சுடுகாட்டுக்கு வரலாமா என்று
ஆட்டோ ஸ்டாண்டில் ஒருத்தன் கேட்டானாம்.
"அப்ப நீ வந்து தூக்கு" என்றாளாம்.
அவனுக்கு அன்றைக்கு ஒரு சவாரி இருந்தது.

"இதரன்னு போடு" என்றார் கண்காணிப்பாளர்.
போட்டேன்.

ஆதாரம் இணைக்க வேண்டும் என்பது விதி.
மறுநாள் ஒரு நோட்டு கொண்டுவந்தாள்,
இரட்டைக்கோடு போட்டது,
அட்டையில் நல்லெண்ணெய்க் கறை.
உள்ளே ஒரு எழுத்தும் எனக்குப் புரியவில்லை.
துணி காயப்போட்ட கொடி மாதிரி
மேலே கோடு, கீழே தொங்கும் எழுத்துகள்.
"அவங்கவங்க எழுதிக் குடுத்ததுபா" என்றாள்.

நன்றிக் கடிதங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.
கோப்பில் ஒரு வரி மொழிபெயர்ப்பு இருந்தால் நல்லதென்று
லாட்ஜில் வேலைபார்க்கும் வங்காளிப் பையனிடம் காட்டினேன்.
டீயைக் கீழே வைத்துவிட்டுப் படித்தான்:
விறகுக்கு நானூறு.
ஆட்டோ நூற்றைம்பது.
அக்காவுக்குத் தர வேண்டும்.
அடுத்த பக்கம்: வேட்டி ஒன்று, பால், பூ. தர வேண்டும்.
அதற்கடுத்தது: அறுநூறு, நெல் விற்றதும்.

அத்தனை பக்கமும் கடன்.

அவளிடம் சொன்னேன், கொஞ்சம் தயங்கித்தான்.
"தெரியும்பா" என்றாள்.
"யாராச்சும் திருப்பிக் கொடுத்தாங்களா?"
"வரவே கூடாதுன்னு
செல்லியம்மனுக்கு வேண்டிக்கினு கீறேன்.
அவங்க இந்த ஊருக்கு வரணும்னா
நோவோடதான வரணும்?"

குடியரசு தினத்தன்று
மைதானத்தில் பனி விலகவில்லை.
பள்ளிப் பிள்ளைகள் பிரமிடு கட்டி இறங்கினார்கள்.
அவள் முறை வந்தபோது
ஒலிபெருக்கி ரேணுகாதேவி என்றது.
திருத்தாமல் ஏறினாள்.
பொன்னாடை, சான்றிதழ், ஒரு புகைப்படம்.
இறங்கும்போதே இடுப்பிலிருந்த போன் அடித்தது.
"கொகோன்? கொகோன்?" என்று கேட்டாள்.
எப்போது என்று அர்த்தமாம்,
பையன் பிறகு சொன்னான்.

சான்றிதழை என் கையில் திணித்தாள்:
"கொஞ்சம் வெச்சிரு, கசங்கிடும்."
பொன்னாடையைக் கழற்றி நாலாய் மடித்து எடுத்துக்கொண்டாள்.
"இது போர்த்த ஆவும்."
பந்தல் கயிற்றைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள்.

பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில்
நாற்பது கையெழுத்துகள், நடுவில் ஒரு வெற்றிடம்.
நீயே போட்டுடு என்றார்கள்.

போடவில்லை.
நோட்டைத் திருப்பிக் கொடுக்குமுன்
கடைசியாக எழுதியிருந்த பக்கத்தின் கீழே
அந்த நோட்டிலேயே முதல் தமிழாக எழுதினேன்:
சான்றிதழ் ஒன்று.
அக்காவுக்குத் தர வேண்டும்.