நூற்று நாற்பத்தெட்டு

பதினோரு வருடம் எப்சிபாவுக்குப் பின்னால்
கீபோர்டு வாசித்தேன்.
என் வேலை தண்ணீர் ஊற்றுவது.
இரண்டு விரல், ஒரு நீண்ட ஸ்ட்ரிங்ஸ்,
அதில் அவள் குரல் படகாகப் போகும்.
மெட்ரோனோம் அறுபத்திரண்டு.

மஞ்சக்குப்பம் மைதானத்துக் கூட்டங்களில்
எந்த வரியில் கைக்குட்டைகள் வெளியே வரும் என்று
எங்கள் இருவருக்கும் தெரியும்:
இரண்டாம் சரணம், மூன்றாம் வரி.
அங்கே அரைச் சுருதி ஏற்றுவேன்.
இது பாவமாண்ணே என்று ஒருநாள் கேட்டாள்.
சம்பளம் என்றேன்.

புயல் அடித்து ஆறாம் நாள்,
தேவனாம்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடம்.
ஈரப் பாயில் முந்நூறு பேர்.
ஜெனரேட்டர் எங்களைவிடச் சத்தமாக ஜெபித்தது.
வழக்கமான பாட்டை வழக்கம்போல் ஆரம்பித்தாள்.
முன்வரிசையில் சட்டையில்லாத ஒரு பையன்
மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"யக்கா, குளுருது. வேகமாப் பாடேன்."

வேகமாக எங்களிடம் எதுவும் இல்லை.

திரும்பும்போது ஜீப்பில் அவள் பேசவேயில்லை.
கெடிலம் பாலத்தின் மேல் மட்டும்
டாஷ்போர்டை விரலால்
தட்டித் தட்டிப் பார்த்தாள்.

ஜனவரியில் அந்துவான் வந்தான்,
முத்தியால்பேட்டைக்காரன்.
காலடியில் நான்கு பெடல், வாயில் பாதி பிரெஞ்சு.
டிரம்ஸுக்குத் தனபால்.
சிப்காட்டில் ஷிப்டு முடிந்து
ரசாயன வாடையோடு நேராக வருவான்.
அவன் தீமிதிப்பது திரௌபதி அம்மனுக்கு.
"ஸ்தோத்திரம்னா என்னண்ணே?"
"தேங்க்ஸ்டா."
"அப்ப அடிக்கலாம்."

புதுப்பாளையத்தில் ஒரு மாடி, தகரக் கூரை.
அதே பாட்டு.
வார்த்தையில் கை வைக்கவில்லை,
நூற்று நாற்பத்தெட்டு.
தேன் குரல் என்று போஸ்டரில் போடுவார்கள்.
அன்று தேன் தீர்ந்து
கூட்டின் இரைச்சல் வந்தது.
கீழ் வீட்டில் குக்கரை அணைத்துவிட்டு
யாரோ மாடிப்படியில் வந்து நின்றார்கள்.
என்னிடம் சொன்னாள்:
"நீங்க மூணு நிமிஷம் சும்மா இருங்கண்ணே.
கடைசியில வாங்க."
மூன்று நிமிடம்
கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
பாக்கெட்டில் வைத்தேன். எடுத்தேன்.
கீபோர்டைத் துணியால் துடைத்தேன்.

போதகர் குணசீலன் ஒரே வார்த்தைதான் சொன்னார்:
"வால்யூம்."
ஆமென் சொல்லும் அதே தொனியில்.
நெய்வேலியில் ஒன்று, பண்ருட்டியில் ஒன்று,
இரண்டு கூட்டம் ரத்து.
அட்வான்ஸைத் திரும்ப வாங்க வந்தவர்
தொண்டைக்கு நல்லது என்று
ஒரு பொட்டலம் கற்கண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

ஈஸ்டருக்கு மறுநாள் வெள்ளிக் கடற்கரை.
கல்லூரிப் பிள்ளைகள், மீன் வறுக்கும் கடைக்காரர்கள்,
ஏதோ கட்சிக் கூட்டம் என்று வந்து
நின்றுவிட்ட இரண்டு போலீஸ்காரர்கள்.
அந்துவான் முதல் கம்பியைக் கிழித்ததும்
மணல் எழுந்து ஆடியது.
நான் ஒரு தலைதான் பார்த்தேன்,
கூட்டத்தின் மேலே ஏறி ஏறி இறங்கியது.
அந்தப் பையனாக இருக்காது.
இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் முடிந்து ஒயர் சுற்றும்போது
மெர்சி டீச்சர் மேடைப்படியருகே வந்தார்.
பதினோரு வருடமாக மூன்றாம் வரிக்கு
தவறாமல் வருகிறவர்.
கைக்குட்டை மடித்தபடியே,
இஸ்திரி மடிப்பு கலையாமல்.
"நல்லாயிருந்துச்சு பாப்பா" என்றார்.
பிறகு, குறையாக இல்லை,
பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதுபோல்:
"இனிமே நான் எங்க அழறது?"

எப்சிபா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று நிமிடம் சும்மா இருப்பது
அதற்குள் எனக்குக் கொஞ்சம் பழகியிருந்தது.
சும்மா இருந்தேன்.