பன்னிரண்டு மணி அட்டவணை

பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளும் பக்கம்
ஆறாம் மாடியில் எனக்கொரு ஜன்னல்.
அட்டவணைகளை வகை பிரிப்பது என் பிழைப்பு.

மாறாதவை ஒரு வகை: கிளைகளின் பெயர்,
விடுப்பின் இனம், நாற்காலியின் நிறம்கூட.
ஆண்டுக்கொரு முறை தூசு தட்டினால் போதும்.
ஆட்கள் வேறு வகை. அழிக்க முடியாது.
வேலையை விட்டுப்போன மந்தாகினி
'செயலற்றவர்' என்று இன்னும் இருக்கிறாள்;
அவள் ஒப்புதல் தந்த நானூறு பயணச் செலவுகள்
அவள் பேரைப் பிடித்துத் தொங்குகின்றன.

கோரிக்கை வந்தால் ஒரு வரிசை பிறக்கும்,
மேலாளர் மேசைக்கு நடக்கும், திட்டு வாங்கித் திரும்பும்,
ஒருநாள் வரலாற்று அட்டவணையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கடைசி வகை, நள்ளிரவில் கழுவிவிடுவது.
வாசல் சீட்டுகள் அதில்.

எல்லவ்வாவை அங்கேதான் கண்டுபிடித்தேன்.
ராய்ச்சூரிலிருந்து வந்து எட்டு வருஷம்.
ஒப்பந்த ஆள், அதனால்
ஒவ்வொரு காலையும் முதன்முறையாக வருகிறாள்.
முழங்கால் வலிக்கு மூன்று நாள் கேட்டாள்.
விண்ணப்பதாரர் கட்டத்தில் அவள் பெயர் விழவில்லை.
சுட்டுவதற்கு வரிசை இல்லை என்றது திரை,
மரியாதையாக, சிவப்பில்.

இதை வடிவமைத்தது யாரென்று தேடினேன்.
நான்தான்.
ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்.

"ஆகல்வா மேடம்?" என்றாள்.
"நாளைக்கு" என்றேன்.
நாளை என்பது அவளுக்கு எந்த அட்டவணையிலும் இல்லை,
அது எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு அடித்தது. பணி ஓடி முடிந்தது.
அழித்த வரிசைகள்: நூற்றுப் பதினேழு.
நாலாம் மாடியில் அவள்
இன்னும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.