ஓரத்தில் நீலப் பென்சில்

அந்த மே மாதம் மட்டும்
நாற்பத்தொரு கொலை பார்த்தேன்,
புதுவயல் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்தபடி.
மில்லில் நெல் வெந்துகொண்டே இருக்கும்.
உமிச்சாம்பல் மிதந்து வந்து
திறந்த பக்கத்தில் இறங்கும்;
ஊதினால் போகும், தொட்டால் ரேகை.

லாரி ஏறும், எழுதுவேன்.
இறக்கிவிட்டு வெறுமனே வரும், எழுதுவேன்.
நடுவில் உள்ள நேரமெல்லாம் எனக்கு:
விஷம் கலந்த பாதாம்பால்,
பூட்டிய அறைக்குள் வக்கீல்,
மலைப்பாதையில் பிரேக் இல்லாத கார்.

காரைக்குடி ரோட்டில் காசிநாதன் கடை,
வாடகை நாளைக்கு எட்டணா.
அட்டையில் துப்பாக்கி, பின்னால் ஊறுகாய் விளம்பரம்.
எல்லாம் சரி.
பன்னிரண்டாம் பக்கம் வந்தால்
ஓரத்தில் நீலப் பென்சில்:
'கொன்றது டிரைவர்.'
'கொன்றது மூத்த மருமகள்.'
'டாக்டர்தான். 97ஆம் பக்கம் பார்க்க.'

பாவி.
பிணம் இன்னும் விறைக்கக்கூட இல்லை.

"புத்தகம் முழுசாத் திரும்பி வந்தாப் போதும் தாயி,
எவன் என்ன எழுதுறான்னு நான் பாக்குறதில்ல"
என்றார் காசிநாதன்.

நானே இறங்கினேன்.
பென்சில் மொத்தம், மூட்டைக்குக் குறியிடுகிற வகை.
ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு.
ஓரமெல்லாம் சாம்பல் ரேகை,
என்னுடையதைவிட அகலம்.
அப்புறம் எல்லார் மேலும் சந்தேகம்:
களத்தில் நெல் கிண்டும் முத்துராக்கு
(எழுதப் படிக்கத் தெரியாது, அல்லது அப்படிச் சொல்கிறாள்),
மேஸ்திரி, முதலாளியின் மச்சினன்,
கரண்ட் போன ஒரு ராத்திரி
என் மேலேயே.

வியாழக்கிழமை, அறந்தாங்கி லாரி.
மூட்டைச் சீட்டில் 177.
இரண்டு ஏழுக்கும் இடுப்பில் கோடு.
நீட்டிய கை அடைக்கலத்துடையது.
லோடுமேன். மூன்று வருஷமாய்
'வணக்கம்' தவிர ஒரு வார்த்தை பேசாத ஆள்.

கேட்டேன்.
கதைகளில் இந்த இடத்தில் ஓடுவார்கள்,
அல்லது நாலு பக்கத்துக்குப் பேசுவார்கள்.
அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.
"என் தம்பி ஊருணியில கெடந்தான்.
பதினோரு வருசமாச்சு. யாருன்னு
ஒருத்தரும் சொல்லல.
தெரிஞ்சுக்கிட்டுப் படிச்சா
என்ன கொறஞ்சு போச்சு?"

பின்னால் அடுத்த லாரி ஹாரன்.
எடையைத் தப்பாக எழுதி
அடித்துத் திருத்தினேன்.

மறுநாளிலிருந்து பன்னிரண்டாம் பக்கத்தையே
முதலில் புரட்டினேன்.
பெயர் தெரிந்துவிட்டால் கதை வேறு மாதிரி நடக்கிறது.
காப்பி நீட்டும் டிரைவரின் கை
நடுங்குவது தெரிகிறது.
சாகப் போகிறவன்
மகளுக்கு ஸ்வெட்டர் வாங்கி
பில்லை மடித்துப் பையில் வைக்கிறான்.
முன்பெல்லாம் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஜூன் முதல் வாரம் எடுத்த புத்தகத்துக்குக்
கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
'கொன்றது' என்று மட்டும்.
அதற்கப்புறம் காகிதம்
அழித்து அழித்து நீலம் பூசி,
மெலிந்து, பின்பக்க எழுத்து தெரிகிறது.

மூன்று நாள் வைத்திருந்தேன்.
ஒன்றரை ரூபாய்.