ஐந்தாம் நாள், குவாராயோஸ் காட்டில்

கொடி ஒன்றுக்கு இரண்டு பொலிவியானோ.
நான் வெட்டுவேன்,
கசிமிரோ நோட்டில் கோடு போடுவான்.
அடுத்த வருஷம் மரம் சாயும்போது
பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு
விழக்கூடாதாம். அதற்காக.

பூவை நாங்கள் பார்த்ததில்லை.
முப்பது மீட்டர் உயரத்தில், இலைக்கும் மேலே,
கிளிக்கும் தேனீக்கும் மட்டும் தெரிகிற இடம்.
கீழே நிற்பவனுக்குத் தடித்த கயிறு,
எறும்பு வரிசை,
கழுத்துக்குள் உதிரும் பட்டைத்தூள்.

சில கொடிகளை வெட்டினால் தண்ணீர் கொட்டும்.
அண்ணாந்து குடிப்போம்.
ஏதோ ஒரு பூவுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர்.
சப்பென்று இருக்கும், கொஞ்சம் துவர்க்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெட்டியதில்
தண்ணீர் இல்லை.
வெட்டுவாயில் தெளிவாக ஒரு சிலுவை,
வெளிறிய தண்டில் பழுப்பாக.
கசிமிரோ தொப்பியைக் கழற்றினான்.
அப்புறம் கோடு போட்டான்.

மறந்துவைத்த அரத்தைத் தேடி
ஐந்தாம் நாள் அதே இடம் போனேன்.
தரையெல்லாம் மஞ்சள்.
புனல் புனலாய், மெத்தென்று, வாடாமல்.
நான் நிற்கும்போதே மூன்று விழுந்தன.
அண்ணாந்தால் ஒன்றும் தெரியவில்லை,
தேனீ இரைச்சல் மட்டும்.

அடிமுண்டு காய்ந்து வெடித்திருந்தது.
மேலே இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

அரம் கிடைத்தது,
பூக்களுக்கு அடியில்.
அங்கேயே உட்கார்ந்து கத்தியைத் தீட்டினேன்,
வேறென்ன செய்ய,
எச்சில் தொட்டு, மெதுவாக,
தேனீக்களுக்குக் கேட்டுவிடாதபடி.