எட்டே முக்கால்

பெர்த்தில் எட்டு மணி என்றால்
அடிலெய்டில் ஒன்பதரை.
நடுவே யூக்லாவில்
எங்களுக்கு எட்டே முக்கால்.

சட்டம் எழுதித் தந்த நேரமில்லை இது.
நெடுஞ்சாலை ஓரம் ஒரு பலகை சொல்கிறது:
கடிகாரத்தை முக்கால் மணி தள்ளுங்கள்.
நாலைந்து பெட்ரோல் நிலையங்கள்,
சில பத்து மனிதர்கள், கணக்கில் வராத கங்காருகள்,
நாங்கள் மட்டும் நம்புகிறோம்.
கைபேசி நம்புவதில்லை.
எந்தக் கோபுரம் கைகொடுக்கிறதோ
அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

இங்கே சமையல் நான். கல்லாவும் நானே.
செண்பகவல்லியை
‘ஷென்’ என்று நறுக்கி
முதலாளி சட்டையில் குத்திவிட்டார்.
தமிழ் பேச ராத்திரி ஆகவேண்டும்,
மூன்றேகால் மணி கழித்தால் கோவில்பட்டி.
கழித்தல் கை வந்துவிட்டது.

ஜூலை விடுமுறை. சனிக்கிழமை.
கிழக்கிலிருந்து ஒரு வெள்ளை மஸ்தா.
அம்மா, எட்டு வயது நிதிலா,
ஒரு காது போன முயல் பொம்மை.
என் சுவரில் பதினொன்றே கால்.
“பன்னண்டுக்கு வரேன்னான், வந்தானா பாரு.”
போனில் யாரிடமோ, தமிழில்,
இந்தப் பொட்டலில் யாருக்குப் புரியும்
என்கிற தைரியத்தில்:
வக்கீல் கடிதம், யார் வீட்டில் எத்தனை ராத்திரி,
பல் டாக்டர் ரசீது வரைக்கும்.
நான் உருளைக்கிழங்கை எண்ணெயில் போட்டு
அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அவளுடைய பன்னிரண்டு முடிந்தாயிற்று.
என்னுடையதும் வந்து போனது.
அவனுடைய பன்னிரண்டு
மன்ட்ராபில்லா தாண்டி
இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கும்.
எனக்குத் தெரியும்.
சொன்னால்
இதுவரை காதில் விழுந்ததெல்லாம்
கேட்டதாகிவிடும்.

கீழே கடலோரம் மணலுக்குள்
பழைய தந்தி ஆபீஸ் புதைந்துகொண்டிருக்கிறது.
ஒரே மேசை, நடுவே தடுப்பு.
கிழக்குக்காரன் எழுதி நீட்டுவானாம்,
மேற்குக்காரன் வாங்கி மறுபடி அடிப்பானாம்.
தாளுக்கு எந்தப் பக்கமும் சொந்தமில்லை.

“அம்மா, இந்தக் கடிகாரம் தப்பு.”

“தப்பில்ல தாயி. இங்க அதான் மணி.”

வாயை மீறி வந்துவிட்டது.
அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.
“நீங்க... எப்பலேர்ந்து...”
“பதினொண்ணே காலேர்ந்து,” என்றேன்,
வேறு பதில் தோன்றாமல்.

காகிதத் துண்டை இழுத்து
மூன்று பன்னிரண்டுகளையும் எழுதிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
“அப்ப அவன் லேட் இல்ல.”
“இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.”
அதை மன்னிக்க முடியாதவள்போல
சிப்ஸ் தட்டைத் தள்ளி வைத்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு வந்தான்,
சொன்ன சொல் காப்பாற்றியவனின் நிம்மதியோடு.
“கரெக்டா பன்னண்டு.”
அவள் வாய் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடினாள்.
பை கைமாறியது, இன்ஹேலர் கைமாறியது,
முயல் ஒரு காதால் தொங்கிக்கொண்டு போனது.
வாசலில் நிதிலா மணிக்கட்டை நீட்டி
“நான் எதை வெச்சுக்கணும்?” என்றாள்.
“வண்டில ஏறு,” என்றான். மென்மையாகத்தான்.

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பியிருக்கலாம் அவள்.
கிளம்பவில்லை.
ஆறிப்போன சிப்ஸை ஒவ்வொன்றாகத் தின்றாள்.
“ஊரு?”
“கோவில்பட்டி.”
“எங்க அத்தை சாத்தூர்.”
அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை.
டீ போட்டேன். இரண்டு. இஞ்சி தட்டி.

என் சுவரில் ஒன்றரை ஆனபோது எழுந்தாள்.
அந்த முக்கால் மணியை
எந்த வக்கீலும் பங்கு கேட்கப்போவதில்லை.
கதவருகே நின்று கேட்டாள், “இப்ப மணி என்ன?”
“யாருக்கு?” என்றேன்.

சிரித்தபடி போனவள்
பெட்ரோல் போட மறந்து
திரும்பி வந்தாள்.